செடியில் இல்லாத எண்ணெய்

குரோம்பேட்டைத் தைலக் கம்பெனியின் வாசலில் போய் ரத்தினபாய் இருக்கிறாரா என்று கேட்டால் கேட்டில் நிற்கிறவர் கொஞ்சம் யோசிப்பார். காலி மேடம் இருக்கிறாரா என்று கேட்டால் உடனே கையை நீட்டி மாடியைக் காட்டுவார். கேலிக்குத்தான் அந்தப் பெயரை வைத்தார்கள். அவள் அதற்காகக் கோபித்துக்கொள்ளவும் இல்லை, யாரையும் திருத்தவும் இல்லை. சும்மா வந்த பட்டமா அது, அதற்காக அவள் விட்டுக்கொடுத்தது கொஞ்சமா நஞ்சமா. ஒரு டாக்டர் பட்டத்தையே கொடுத்துத்தான் அதை வாங்கினாள்.

அவள் அப்பா சின்னப்பன் திரிசூலம் கல் குவாரியில் வேலை பார்த்தவர். வீடு தாம்பரத்துக்கு இந்தப் பக்கம் கடப்பேரியில். மகள் வேதியியலில் எம்.எஸ்ஸி. முடித்தபோது தெருவில் எல்லோருக்கும் அவரே போய்ச் சொன்னார். மேற்கொண்டு பி.எச்டி. படிக்கப் போகிறாள் என்றதும் அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. "டாக்டருன்னா ஊசி போடுற டாக்டரு இல்லபா. அதுக்கும் மேல. அந்த டாக்டரே இன்னா மருந்து குடுக்கணும்னு இதுதான் சொல்லும்" என்று டீக்கடையில் விளக்கம் வேறு கொடுத்தார். அந்த விளக்கத்தில் பெரிய தப்பு ஒன்றும் இல்லை.

ஆராய்ச்சிக்கு இடம் கேட்டு அவள் பல படி ஏறி இறங்கினாள். எல்லா இடத்திலும் அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டார்கள். அஸ்தினாபுரத்தில் ஓர் அறக்கட்டளை நடத்திவந்த மூலிகை ஆராய்ச்சி நிலையத்தில் மட்டும் டாக்டர் வைத்தீஸ்வரன், "உனக்கு என்ன செடி தெரியும்?" என்று கேட்டார். சிவனார்வேம்பு தெரியும் என்றாள். வண்டலூர், படப்பைப் பக்கம் கட்டாந்தரையில் கிடக்கும் செடி அது. குவாரியில் அப்பாவின் காலில் ஆறாமல் நின்ற புண்ணுக்கு அம்மா அதைத்தான் எண்ணெயில் காய்ச்சிப் போட்டாள். புண் ஆறியது. "ஏன் ஆறித்துன்னு தெரியுமா?" என்றார் அவர். தெரியாது என்றாள். "அப்ப அதையே கண்டுபிடி" என்று சேர்த்துக்கொண்டார். வைத்தீஸ்வரன் நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் நடந்ததைக் கேட்டு அவரை வில்லனாக்கிவிடுவீர்கள்.

அது எண்பத்து நாலாம் வருஷம். நிலையம் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு வாடகை வீடு, அதன் கூடத்தில் கண்ணாடிச் சாமான்கள், கொல்லையில் இலை உலர்த்த ஒரு கொட்டகை. ஆனால் அங்கே நடந்தது பெரிய வேலைதான். ஒரு செடிக்குள் நூற்றுக்கணக்கான சரக்கு இருக்கிறது. அதில் புண்ணை ஆற்றுவது எது என்று தனியாகப் பிரித்து எடுத்துக் காட்டினால்தான் நாளைக்கு அது மாத்திரையாகவோ களிம்பாகவோ ஆகும். காட்ட முடியாவிட்டால் அது வெறும் இலை, அவ்வளவுதான்.

பிரிக்கிற விதம் இதுதான். நிழலில் உலர்த்திய இலையை இடித்துத் தூளாக்கி, தாள் உறையில் போட்டு, ஒரு கண்ணாடிக் கலத்துக்குள் நிறுத்துவார்கள். கீழே குடுவையில் சால்வென்ட் என்கிற கரைப்பான் கொதிக்கும். ஆவி மேலே போய்க் குளிர்ந்து தூளின் மேல் சொட்டும். கலம் நிரம்பியதும் சாறோடு தானாகவே கீழே இறங்கிவிடும். மறுபடி கொதிக்கும், மறுபடி சொட்டும். ஃபில்டரில் டிகாக்‌ஷன் இறக்குகிற வேலைதான், ஆனால் ஒரே தூளில் நாள் முழுக்க இறக்குவார்கள். அந்தச் சாற்றைச் சுண்டவைத்தால் கரும்பச்சையாக ஒரு பிசின் வரும்.

அந்தப் பிசினை, வெள்ளைத் தூள் நிரப்பிய உயரமான கண்ணாடிக் குழலின் தலையில் ஏற்றி, மேலிருந்து சால்வென்டை விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மஞ்சள், பச்சை, பழுப்பு என்று ஒவ்வொன்றும் தன் தன் வேகத்தில் பட்டை பட்டையாக இறங்கும். ஒவ்வொன்றையும் தனித்தனிக் குப்பியில் பிடித்துவிடலாம். பிடித்தது கலப்படமா சுத்தமா என்று பார்க்க, விரல் நீளத் தட்டு ஒன்றில் ஒரு பொட்டு வைத்து, கொஞ்சம் சால்வென்டில் நிறுத்தி ஏறவிட்டு, அப்புறம் அயோடின் ஜாடிக்குள் வைப்பார்கள். பழுப்பாகப் புள்ளிகள் எழும். பல புள்ளி வந்தால் கலப்படம், ஒரே புள்ளி வந்தால் சுத்தம். அந்த ஒரே புள்ளிக்காக ரத்தினபாய் தவம் கிடந்தாள்.

சால்வென்ட் பீப்பாயில் வரும். பீப்பாயிலிருந்து குடுவைக்கு எடுப்பது நிலையத்தின் உதவியாளர் சவுரிமுத்துவின் வேலை. மண்ணெண்ணெய்க் கடையில் செய்வதைப் போல ரப்பர் குழாயை உள்ளே விட்டு வாயால் உறிஞ்சி இறக்குவார். சில நாள் வாய்க்குள்ளேயே போய்விடும். அன்றைக்கு மனிதர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். பார்த்துக்கொண்டிருக்க ரத்தினபாய்க்குப் பொறுக்கவில்லை. தாம்பரம் சண்முகம் ரோட்டில் ஒரு ஹார்டுவேர் கடையில், கொத்தனார்கள் தண்ணீர் மட்டம் பார்க்கும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயை வாங்கிவந்தாள். அதில் அழுத்தி உறிஞ்சும் ஒரு ரப்பர் குமிழைப் பொருத்திக் கொடுத்தாள். அன்றிலிருந்து சவுரிமுத்துவின் வாய் தப்பித்தது. "மேடம் வந்துதான் என் உசுரக் காப்பாத்துச்சு" என்று அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். குழாய்மேல் அவருக்கு ஒரே ஒரு குறைதான். புதிதாக இருக்கும்போது மெத்தென்று இருப்பது கொஞ்ச நாளில் குச்சி மாதிரி விறைத்துவிடும். அவ்வப்போது வேறு வாங்கிப் போட வேண்டியிருந்தது.

குழாய் வந்து சில மாதத்தில் ஒரே புள்ளியும் வந்தது. பிடித்துச் சுண்டவைத்தால் நிறமே இல்லாத, பளபளவென்று ஓர் எண்ணெய். கிருமி வளர்த்த தட்டில் அதை வைத்தபோது சுற்றிலும் கிருமி செத்துக் கொஞ்சம் இடம் தெளிந்தாற்போல் இருந்தது. வேறோர் ஊரில் பெரிய கருவி உள்ள இடத்துக்கு அனுப்பி, அதன் அமைப்பைக் காட்டும் வரைபடம் வரவழைத்தார்கள். வைத்தீஸ்வரன் அதை மேசையில் விரித்துப் போட்டுக்கொண்டு பல நாள் கணக்குப் போட்டார். ஒரு நாள் காலையில் அவர் கண் கலங்கியிருந்தது. "சிவனார்வேம்புல இதை யாரும் பார்த்ததில்லை, ரத்னா" என்றார்.

புதிதாக ஒன்றைப் பிரித்தவருக்கு அதற்குப் பெயர் வைக்கும் உரிமை உண்டு. செடியின் பெயரிலிருந்து எடுப்பார்கள், ஊர்ப் பெயரை வைப்பார்கள். வைத்தீஸ்வரன் காலமான தன் தாயார் அபிதகுஜாம்பாளின் பெயரை வைத்தார். அபிதின். சாயங்காலப் பேப்பரில் அது வந்தது, அஸ்தினாபுரம் விஞ்ஞானி புண்ணுக்கு மருந்து கண்டார் என்று. ரத்தினபாயின் பெயர் கடைசி வரியில் எழுத்துப் பிழையோடு இருந்தது. சின்னப்பன் அந்தத் தாளைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டினார்.

அவளும் சந்தோஷமாகத்தான் இருந்தாள். அந்த எண்ணெயைக் குலுக்கிக் குலுக்கிப் பார்த்துக்கொள்வாள். அப்பாவின் காலை ஆற்றியதைக் கையில் வைத்திருக்கிறோம் என்று தனக்குள் சொல்லிக்கொள்வாள்.

சந்தோஷத்தைக் கெடுக்க அம்மணி வந்தாள். அம்மணி புதிதாகச் சேர்ந்த ஆராய்ச்சி மாணவி. அவளுடைய செடி கேளம்பாக்கம் உப்பங்கழி ஓரத்து உமரி. ஒரு நாள் தன் தட்டைக் கொண்டுவந்து, "அக்கா, எனக்கும் அபிதின் வந்துடுச்சு" என்று காட்டினாள். அதே உயரத்தில் அதே புள்ளி. வைத்தீஸ்வரன் மகிழ்ந்து போனார். அபிதின் பல செடிகளில் பரவலாக இருக்கிறது, இன்னொரு கட்டுரை எழுதலாம் என்றார். அடுத்த மாதம் இன்னொரு மாணவர் ஆராய்ந்த மரப்பட்டையிலும் அபிதின் வந்தது.

ரத்தினபாய்க்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. கட்டாந்தரைச் செடிக்கும் உப்புத் தண்ணீர்ச் செடிக்கும் மரப்பட்டைக்கும் பொதுவாக என்ன இருக்கிறது? இந்த வீடு இருக்கிறது. இந்தக் கண்ணாடி இருக்கிறது, இந்தப் பீப்பாய் இருக்கிறது. கைகள் இருக்கின்றன. அந்த யோசனை வந்த பிறகு அதை வராதது போல் ஆக்க அவளால் முடியவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலையில் அவள் எல்லாக் கலத்தையும் கழுவி, தாள் உறையை வெறுமையாகவே கலத்தில் நிறுத்தி, வழக்கம்போல் இறக்கிய சால்வென்டை ஊற்றி அடுப்பைப் போட்டாள். இலை இல்லை. தூள் இல்லை. ஒன்றுமே இல்லை. சவுரிமுத்து எட்டிப் பார்த்துவிட்டு நின்றுவிட்டார்.

"இன்னா மேடம், எல போடாமயே அடுப்பு எரிஞ்சிகினு கீது. மறந்துட்டியா?"

"மறக்கல. இல போடாம இன்னா வருதுன்னு பாக்கறேன்."

"காலி அடுப்புல இன்னா வரும்? காலிதான் வரும்" என்று சிரித்துக்கொண்டே போனார். நிலையம் முழுக்க அது பரவியது. அன்றைக்கு ஆளாளுக்கு வந்து, என்ன சமையல் ஆகிறது என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

சாயங்காலம் அந்த வெறும் சாற்றைச் சுண்டவைத்து, தட்டில் பொட்டு வைத்து, அயோடின் ஜாடிக்குள் நிறுத்தினாள். புள்ளி வந்தது. ஒரே புள்ளி, அதே உயரம். செடியே இல்லாமல் அபிதின் வந்து நின்றது. அங்கேயே முக்காலியில் உட்கார்ந்து, மறுபடி எழுந்து, ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தாள். கடைசியில் குழாயை எடுத்தாள். அது விறைத்திருந்தது. மெத்தென்று இருந்தது ஏன் விறைத்தது என்று அப்போதுதான் கேட்டுக்கொண்டாள். அதை மெத்தென்று வைத்திருந்த எண்ணெய் எங்கே போனது?

மறுநாள் ஒரு புதுக் குழாயைத் துண்டாக்கி சால்வென்டில் ஊறப்போட்டாள். புள்ளி அப்பிக்கொண்டு வந்தது. அப்புறம் கண்ணாடிப் புனல் மட்டும் வைத்துப் பீப்பாயைச் சாய்த்து ஊற்றி, சிவனார்வேம்பைப் புதிதாகக் காய்ச்சினாள். பச்சை வந்தது, பழுப்பு வந்தது, ஏழெட்டுப் புள்ளி வந்தது. அபிதின் வரவில்லை. பிளாஸ்டிக்கை வளைய வைக்கக் கம்பெனிக்காரர்கள் சேர்க்கும் எண்ணெய்க்குத்தான் அவர்கள் இத்தனை நாள் பெயர் வைத்துக் கொண்டாடியிருந்தார்கள். அந்தக் குழாயை வாங்கிவந்தது அவளேதான்.

தட்டுகளை எடுத்துக்கொண்டு வைத்தீஸ்வரன் அறைக்குப் போனாள். அவர் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"காலியா வெச்சுப் பார்னு நான் உன்கிட்ட சொல்லலையே" என்றார்.

"சொல்லியிருக்கணும் சார். நீங்க சொல்லலைன்னாலும் நான் முதல்லயே செஞ்சிருக்கணும்."

"செடியிலயும் இருக்கலாம், குழாயிலயும் இருக்கலாம்."

"குழாய் இல்லாம காய்ச்சிட்டேன் சார். செடியில இல்ல."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குரல் தாழ்ந்தது. "ரத்னா, கேள். உன் ரிஜிஸ்ட்ரேஷன் இந்த வருஷத்தோட முடியறது. முதல்ல தீசிஸைக் கொடு. டாக்டரேட் வாங்கு. கையில வேலை கிடைச்சப்புறம் மெதுவா ஒரு கரெக்‌ஷன் எழுதிக்கலாம். யாரும் தூக்குல போட மாட்டா."

அவள் தலையாட்டவில்லை.

"அது பிடிக்கலைன்னா இன்னொண்ணு இருக்கு. அந்த சவுரிமுத்து கண்ட குழாயைப் போட்டு சால்வென்டைக் கெடுத்துட்டான்னு எழுதி, எக்ஸ்டென்ஷன் கேக்கலாம். யூனிவர்சிட்டியில ஒத்துப்பா."

"குழாய் வாங்கினது நான் சார். அவர் பேரை எழுதினா அவருக்கு வேலை போயிடும்."

"அப்ப உனக்குப் போகும்."

"போகட்டும் சார்."

இதைச் சொல்லும்போது அவளுக்குத் தைரியம் இருந்ததென்று நினைக்காதீர்கள். பயந்துகொண்டேதான் சொன்னாள், சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. அவளிடம் இருந்த வீம்பு அந்த வகையைச் சேர்ந்தது.

வீட்டில் விஷயம் கேட்டு அம்மா தனம் தலையில் அடித்துக்கொண்டாள். தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் விரிவுரையாளர் வேலை கிட்டத்தட்ட பேசி வைத்திருந்தது. டாக்டர் பட்டம் வந்ததும் சேர வேண்டியதுதான் பாக்கி.

"ஏண்டி, அவரே எழுதிக் குடுன்னு சொல்லிகினு கீறாரு. உனுக்கு இன்னா வந்துச்சு? எண்ண செடியில கீதா பீப்பாய்ல கீதான்னு யாரு வந்து பாக்கப் போறாங்க?"

"நான் பாத்துட்டேனே."

"பாக்காத மாதிரி இருந்துட்டுப் போ. வூட்ல நாங்க எத்தினி பாக்காத மாதிரி இருக்கறோம்."

"நாளைக்கு இத நம்பி ஒருத்தன் புண்ணுல பிளாஸ்டிக் எண்ணெயத் தடவுவான். அப்பா கால்ல தடவுவியா நீ?"

தனம் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். சின்னப்பன் வாசலில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். எல்லாம் அவர் காதில் விழுந்தது. சுவரில் மாட்டிய தாளை அவர் கழற்றவில்லை.

ஆய்வேட்டைக் கொடுப்பதற்கு முன் எல்லோர் முன்பும் ஒரு முறை பேசிக் காட்ட வேண்டும். அது சடங்கு. பேசுகிறவர்தான் கேசரியும் போண்டாவும் ஏற்பாடு செய்ய வேண்டும், வீட்டு மனிதர்கள் நல்ல துணி உடுத்தி வந்து கடைசி வரிசையில் உட்கார வேண்டும். அவள் கேசரி போண்டாவுக்குச் சொல்லிவைத்தாள். கடைசி நேரத்தில் மனசு மாறிவிடுவாள் என்று வைத்தீஸ்வரன் நம்பினார். அறக்கட்டளைத் தலைவர் பத்ரிநாராயணன் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். சின்னப்பன் வெள்ளை வேட்டியில் வந்தார்.

ரத்தினபாய் மேசைமேல் தட்டுகளை வரிசையாக வைத்தாள். செடியிலிருந்து எடுத்தது, உமரியிலிருந்து எடுத்தது, மரப்பட்டையிலிருந்து எடுத்தது. எல்லாவற்றிலும் அதே புள்ளி. பக்கத்தில் ஒன்றுமே போடாமல் எடுத்த தட்டை வைத்தாள். அதிலும் அதே புள்ளி. கடைசியாக, குழாய் படாமல் காய்ச்சிய செடியின் தட்டு. அதில் அந்தப் புள்ளி இல்லை.

"அபிதின்னு ஒண்ணு சிவனார்வேம்புல இல்ல. நாங்க பிரிச்சது பிளாஸ்டிக் குழாயில இருந்து இறங்கின எண்ணெய். அந்தக் குழாயை இங்க கொண்டுவந்தது நான். புண்ண ஆத்துற சரக்கு இன்னும் இந்தச் செடிக்குள்ளதான் இருக்கு. நாங்க அத இன்னும் தொடவே இல்ல" என்றாள். அவள் பேச வேண்டியது அவ்வளவுதான் இருந்தது.

பத்ரிநாராயணன், "அப்போ இத்தனை வருஷம் நீங்க செஞ்ச வேலை?" என்று கேட்டார்.

"வீண் சார். மொதல்ல இருந்து செய்யணும். செய்யறேன், இடம் குடுங்க."

வைத்தீஸ்வரன் எழுந்தார். அவர் முகம் வெளிறியிருந்தது. "இந்தப் பெண்ணுக்கு இனிமே நான் கைடு இல்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனார். கேசரியை யாரும் தொடவில்லை. சவுரிமுத்து மட்டும் ஒரு தட்டில் எடுத்துவந்து அவள் முன்னால் வைத்தார்.

வெளியே சின்னப்பன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஒண்ணும் புரியலமா. ஆனா நீ பயந்துகினே பேசுன, நிறுத்தாம பேசுன. அது புரிஞ்சுது" என்றார். அவள் அங்கேயே அழுதாள். அவ்வளவு நாள் அடக்கி வைத்திருந்தது.

பட்டம் போனது. கல்லூரி வேலை போனது. கைடையே சபையில் கவிழ்த்தவள் என்று பெயர் பரவி, வேறு எவரும் அவளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. இதெல்லாம் நியாயமா என்று கேட்டால், இல்லை. அந்த அநியாயத்தை நினைத்து அவள் பல வருஷம் வயிறெரிந்தாள். எரிந்துகொண்டே குரோம்பேட்டைத் தைலக் கம்பெனியில் கெமிஸ்ட்டாகச் சேர்ந்தாள். அங்கே எந்தச் சரக்கைச் சோதித்தாலும் முதலில் ஒன்றும் போடாமல் ஒரு தடவை சோதிப்பாள், அப்புறம்தான் சரக்கைப் போடுவாள். வேலையாட்கள் சிரித்தார்கள். காலி மேடம் என்ற பெயர் அங்கேதான் ஒட்டிக்கொண்டது.

அபிதின் சாகவில்லை. வைத்தீஸ்வரன் இன்னொரு மாணவரை வைத்துக் கட்டுரை வெளியிட்டார். அதை மேற்கோள் காட்டி இன்னொருவர் எழுதினார். வாரப் பத்திரிகையின் மருத்துவப் பக்கத்தில் வந்தது. தொண்ணூற்று ஐந்து வாக்கில் மருந்துக் கடைகளில் ஜனங்கள் பெயர் சொல்லிக் கேட்க ஆரம்பித்தார்கள்.

கம்பெனி முதலாளி லக்ஷ்மிநாராயணன் விடுவாரா. அவர்கள் காய்ச்சிய சிவனார்வேம்புத் தைலத்தின் லேபிளில் "அபிதின் நிறைந்தது" என்று அச்சடித்தேவிட்டார். கெமிஸ்ட் சோதித்துக் கையெழுத்துப் போட்டால்தான் சரக்கு வெளியே போகும்.

"மேடம், பாட்டில்ல அபிதின் இருக்கா இல்லையான்னு நீங்களே டெஸ்ட் பண்ணுங்க. இருந்தா போடுங்க. நான் பொய் சொல்லச் சொல்லல" என்றார்.

அவள் சோதித்தாள். இருந்தது. தாராளமாகவே இருந்தது. பாட்டில் நிரப்பும் இயந்திரத்தில் மெத்தென்ற பிளாஸ்டிக் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. பார்த்துவிட்டு அவள் சிரித்தாள், நெஞ்சு எரிய எரிய. கையெழுத்துப் போட மாட்டேன் என்றாள்.

லக்ஷ்மிநாராயணன் லேசுப்பட்டவர் இல்லை. அந்த வாரமே காரை அனுப்பி வைத்தீஸ்வரனை அழைத்துவந்துவிட்டார். ஓய்வு பெற்று, மெலிந்து, கையில் குடையோடு வந்தார் அவர். அவர் கையெழுத்துப் போட்டால் அவளுடையது வேண்டாம் என்பது ஏற்பாடு. சோதனைக் கூடத்தில் அவர் உட்கார ரத்தினபாய் முக்காலியை இழுத்துப் போட்டாள்.

"நல்லா இருக்கியா ரத்னா? அப்பா சௌக்கியமா?"

"அப்பா தவறிட்டாரு சார். போன வருஷம்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் தட்டை எடுத்து மூன்று பொட்டு வைத்தாள். காய்ச்சிய அண்டாவிலிருந்து நேராக எடுத்த தைலத்தின் சாறு ஒன்று. நிரப்பிய பாட்டிலிலிருந்து எடுத்தது ஒன்று. இலையே போடாத வெறும் நல்லெண்ணெயை அந்த இயந்திரக் குழாய் வழியாக விட்டு எடுத்தது ஒன்று. எந்தப் பொட்டு எது என்று அவரிடம் சொல்லிவிட்டு, ஏறவிட்டு, அயோடின் ஜாடிக்குள் நிறுத்தினாள். முதலாளி வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பழுப்பு எழுந்தது. அண்டாத் தைலத்தில் அந்த உயரத்தில் ஒன்றும் இல்லை. பாட்டிலில் இருந்தது. இலை இல்லாத நல்லெண்ணெயிலும் இருந்தது.

வைத்தீஸ்வரன் ஜாடியின் பக்கமாகக் குனிந்து பார்த்தார். அவருக்கு இதைப் படித்துச் சொல்ல ஆள் வேண்டியதில்லை. நிமிர்ந்து, வாசலில் நின்றவருக்குக் கேட்காத குரலில் கேட்டார்.

"செடியில ஒரு துளிகூடவா இல்லை, ரத்னா?"

ஒரே ஒரு பொய். கொஞ்சம் இருக்கலாம் சார் என்றால் போதும், அந்த மனிதர் நிம்மதியாக வீடு போய்ச் சேர்வார். அப்பா என்ன வேலை என்று கேட்காமல் அவளைச் சேர்த்துக்கொண்டவர் அவர் ஒருவர்தான். அவளுக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. அவளுடைய பட்டத்தைத் தின்றவர் அவர் என்ற கோபமும் வந்தது. இரண்டையும் அவள் அந்தப் பதிலுக்குள் விடவில்லை.

"இல்ல சார். ஒரு துளிகூட இல்ல."

"எங்கம்மா பேரு அது."

"தெரியும் சார். அவங்க பேரை ஒரு குழாய்க்கு வெச்சிருக்க வேணாம்."

லக்ஷ்மிநாராயணன் உள்ளே வந்து பேனாவைத் திறந்து நீட்டினார். வைத்தீஸ்வரன் அதை வாங்கி, மூடி, மேசைமேல் வைத்தார். குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அவளும் அதை எதிர்பார்த்து நிற்கவில்லை.

முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது. "கீழ லாரி நிக்குது. லேபிள் ஒட்டியாச்சு. நாளைக்கே வேற கெமிஸ்ட் பாத்துக்கறேன் நான்."

"பாத்துக்குங்க சார். இன்னிக்கு நான்தான் கெமிஸ்ட்."

அவள் இறங்கிப் போய் நிரப்பும் இயந்திரத்தை நிறுத்தச் சொன்னாள். லாரிக்காரர் மேலே பார்த்தார். மேலே முதலாளி ஜன்னலில் நின்றார், சரக்கை ஏற்றச் சொல்லவில்லை. லாரி காலியாகத் திரும்பிப் போனது.

மறுநாள் காலையில் அவள் வழக்கமான நேரத்துக்கு வந்து, வழக்கம்போல முதல் கலத்தை வெறுமையாகவே அடுப்பில் ஏற்றினாள். அவளைப் போகச் சொல்ல யாரும் மாடி ஏறி வரவில்லை.